பாதி வீடு முற்றத்தில்: இங்கிலாந்தின் முதுகொட்டு வீடுகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

பர்மிங்காம் நகரத்துப் பழைய முகவரிகளில் "42-க்குப் பின்னால் 4" என்கிற மாதிரி எழுதியிருப்பதைப் பார்க்கலாம். கூடவே தெருப் பெயரும் இருக்கும். அந்தத் தெருவுக்குப் போய் 42-ம் எண் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். அதன் பின்னால் இருக்கும் நாலாம் வீட்டைத் தெருவில் நின்று பார்க்கவே முடியாது. இரண்டு வீடுகளுக்கு நடுவே குகை மாதிரி ஓர் இடுக்கு வழி போகும். அதில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால்தான் ஒரு முற்றமும், அதைப் பார்த்தபடி இன்னொரு வரிசை வீடுகளும் கண்ணில் படும். ஒரு காலத்தில் இந்த நகரத்தில் சுமார் 2 லட்சம் பேர் இந்த வகை வீடுகளில் குடியிருந்தார்கள். இன்று அங்கே முழுசாக மிஞ்சியிருப்பது ஒரே ஒரு முற்றம்.

ஆங்கிலத்தில் இவற்றை "பேக் டு பேக்" வீடுகள் என்பார்கள். தமிழில் பழகிய சொல் இல்லாததால், இந்தக் கட்டுரையில் முதுகொட்டு வீடு என்று சொல்கிறேன். கையில் தீப்பெட்டிகள் இருந்தால் செய்து பாருங்கள். நாலைந்து பெட்டிகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி ஒரு வரிசை வையுங்கள். அப்புறம் அந்த வரிசையின் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை. இப்போது நடுவில் இருக்கும் ஒரு பெட்டியைப் பாருங்கள். இடது பக்கம் ஒரு வீடு, வலது பக்கம் ஒரு வீடு, முதுகுப் பக்கம் ஒரு வீடு. வெளியுலகம் தெரிவது ஒரே பக்கத்தில்தான். வாசல், ஜன்னல், வெளிச்சம், காற்று எல்லாம் அந்த ஒரு சுவர் வழியாகத்தான் வரவேண்டும். கொல்லைப்புறம் என்ற ஒன்றே கிடையாது.

இங்கே பலரும் குழம்புவது ஒன்று உண்டு. இங்கிலாந்துப் படங்களில் வரும் நீளமான செங்கல் வரிசை வீடுகள் எல்லாமே முதுகொட்டு வீடுகள் ஆகிவிடாது. பின்பக்கம் ஒரு கதவும், சின்னதாக ஒரு கொல்லையும், அதைத் தாண்டி ஒரு சந்தும் இருந்தால் அது வேறு வகை. முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே போகமுடிகிறதா என்று கேளுங்கள். முடிந்தால் அது முதுகொட்டு வீடு இல்லை. அந்த ஊர்க்காரர்களே பேச்சில் இரண்டையும் கலந்துதான் சொல்வார்கள்.

இலங்கை மலையகத்தை அறிந்தவர்களுக்கு இதைச் சட்டென்று விளக்கிவிடலாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளை அங்கே லயம் என்பார்கள். ஒற்றை வரிசையாகக் கட்டிய லயங்கள் ஒரு வகை. நடுச்சுவர் ஒன்றின் இரண்டு பக்கமும் காம்பராக்கள், அதாவது குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்த அறைகள், ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டை வரிசை லயம் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை, அமைப்பில் முதுகொட்டு வீடேதான். பின்பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் அடுப்புப் புகை எங்கே தேங்கும் என்று அங்கே வளர்ந்தவர்களிடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டியவர்கள் வேறு, ஊர் வேறு. கணக்கு மட்டும் ஒன்றுதான்: குறைந்த செலவில், வேலைசெய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, முடிந்தவரை அதிகம் பேரைத் தங்கவைப்பது.

ஏன் இப்படிக் கட்டினார்கள்?

18-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பர்மிங்காம், லீட்ஸ், மான்செஸ்டர், நாட்டிங்ஹாம், பிராட்ஃபோர்ட் போன்ற நகரங்களில் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் பெருகின. கிராமங்களிலிருந்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள். பேருந்தும் டிராமும் இல்லாத காலம். காலையில் நடந்துபோய் மணியடிப்பதற்குள் பட்டறைக்குள் இருக்கவேண்டும் என்றால் வீடு பக்கத்தில்தான் இருக்கவேண்டும். தெருவை ஒட்டிய மனைகள் பின்னால் நீளமாக ஓடின. தோட்டமாகக் கிடந்த அந்தப் பின்நிலத்தைச் சும்மா விடுவானேன் என்று அங்கேயும் வீடுகளை எழுப்பினார்கள்.

பின்சுவரை இரண்டு வீடுகள் பங்குபோட்டுக்கொண்டால் செங்கல் மிச்சம், சுண்ணாம்பு மிச்சம், மனையும் மிச்சம். வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். வீடுகளைப் பிரிக்கும் சுவர் பல இடங்களில் வெறும் நாலரை அங்குலம்தான். நம் ஊரில் குளியலறைத் தடுப்புக்கு வைக்கும் கனம் அது. அதை நம்பி மூன்று மாடி வரை போனார்கள். பர்மிங்காமில் வழக்கமான வடிவம், மாடிக்கு ஓர் அறையாக மொத்தம் மூன்று அறைகள், ஒன்றன் தலைமேல் ஒன்று.

இது உடம்புக்கு ஆகாது என்பது ரொம்ப நாளைக்குத் தெரியாமல் இருக்கவில்லை. மான்செஸ்டர் 1844-லேயே புதிதாக இப்படிக் கட்டுவதைத் தடுத்தது. பர்மிங்காம் 1876-ல் தடுத்தது. 1909-ல் நாடு முழுவதுக்கும் சட்டம் வந்தது. லீட்ஸ் மட்டும் விடவில்லை. ஏற்கெனவே அனுமதி வாங்கிய வரைபடங்களை வைத்துக்கொண்டு 1937 வரை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வடிவமும் கொஞ்சம் வேறு. முற்றத்தைச் சுற்றிக் கட்டாமல், தெருவைப் பார்த்த நேரான வரிசைகள். 1866-ல் வந்த ஒரு சட்டப்படி எட்டு வீட்டுக்கு ஓர் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் கழிப்பறைகளைக் கட்டினார்கள்.

தடை என்பது புதிய வீடுகளுக்குத்தான். பழையவை அப்படியே நின்றன, ஜனங்களும் அவற்றில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பர்மிங்காம் நகராட்சி வைத்த ஒரு விசாரணைக் குழு 1914-ல் அறிக்கை கொடுத்தது. பிற்காலத்தில் பிரதமரான நெவில் சேம்பர்லின்தான் அதன் தலைவர். நகரத்தில் 43,000-க்கும் மேற்பட்ட முதுகொட்டு வீடுகள் இருப்பதாக அந்தக் குழு எண்ணிச் சொன்னது. எல்லா வகை வீடுகளையும் சேர்த்து, தனியாகத் தண்ணீர்க் குழாயோ, கழுவுதொட்டியோ, சாக்கடையோ இல்லாதவை நகரத்தில் சுமார் 42,000. தனிக் கழிப்பறை இல்லாதவை சுமார் 58,000.

இந்த எண்களை வறுமையின் கணக்காக மட்டும் படித்துவிட்டுப் போய்விடக்கூடாது என்று நினைக்கிறேன். இவற்றை ஒரு வீட்டின் வரைபடமாகவும் படிக்கலாம். தண்ணீர் வீட்டுக்கு வெளியே. துணி துவைக்கும் இடம் வெளியே. கழிப்பறை வெளியே, குப்பை வெளியே, குழந்தைகள் விளையாடும் இடமும் வெளியே. அதாவது ஒரு குடும்பத்தின் வீட்டில் பாதிதான் அந்த மூன்று அறைகள். மீதிப் பாதி முற்றத்தில் இருந்தது, அதை எட்டுப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வைத்திருந்தன. அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது இதைப் புரிந்துகொண்டால் விளங்கும்.

முற்றத்துக்குள்

இடுக்கு வழியை பர்மிங்காமில் "என்ட்ரி" என்பார்கள். உள்ளே இருட்டு. காலடிச் சத்தம் எதிரொலிக்கும். குழந்தைகள் கத்திக்கொண்டே அதில் ஓடுவார்கள், அந்த எதிரொலிக்காகவே. முற்றத்தில் செங்கல்லோ கருங்கல்லோ பாவிய தரை, நடுவில் ஒரு சாக்கடைத் துளை. அதற்கு அந்த ஊர்ப் பேச்சில் "சஃப்" என்று பெயர். ஒரு மூலையில் குழாய். இன்னொரு மூலையில் வரிசையாகக் கழிப்பறைகள், பல இடங்களில் இரண்டு குடும்பத்துக்கு ஒன்று, சாவி ஆணியில் தொங்கும். சாம்பலும் குப்பையும் போடும் இடத்துக்கு "மிஸ்கின்" என்று பெயர். அப்புறம், எல்லாரும் மறக்காமல் சொல்லும் அந்தத் துவைப்புக் கொட்டகை. ஏட்டில் அதன் பெயர் "ப்ரூஹவுஸ்". பேச்சில் "ப்ரூவஸ்".

கொட்டகைக்குள் செங்கல் கட்டி, அதில் பதித்த பெரிய அண்டா ஒன்று இருக்கும். அடியில் தீ மூட்டும் வாய். ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறைநாள் உண்டு. குடும்பங்கள் அதிகமாக இருந்தால் அரை நாள். திங்கட்கிழமை யாருக்கு என்பது ஒரு கௌரவப் பிரச்சினை, ஏனென்றால் வாரத்துத் துணி திங்கட்கிழமையே முடிந்துவிட்டால் மற்ற வேலைகள் எல்லாம் ஒழுங்காக நகரும்.

ஒரு அம்மாவின் முறைநாளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். விடிவதற்கு முன்பே எழுந்து, குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து அண்டாவை நிரப்புகிறாள். தீ மூட்டுகிறாள். கரித்தூள், பழைய செருப்பு, உடைந்த பெட்டி என்று கையில் கிடைத்தது எல்லாம் எரிபொருள்தான். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் சவர்க்காரக் கட்டியைச் சீவிப் போடுகிறாள். வெள்ளைத் துணி முதலில், அழுக்கு வேலைத் துணி கடைசியில். ஒரு மரத்தொட்டியில் துணியைப் போட்டு, நீளக் கைப்பிடி வைத்த மர உலக்கை மாதிரி ஒன்றால் குத்தித் திருப்புகிறாள். குத்தின இடத்திலேயே குத்தாமல் திருப்பித் திருப்பிக் குத்தவேண்டும். தோள் விட்டுப்போகும். பிறகு காலர்களைப் பலகையில் தேய்த்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிய வேண்டும். உருளையைச் சுற்றுவதற்குப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை எதுவாவது மாட்டும்.

முற்றத்தின் குறுக்கே கொடி கட்டிப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டால், உள்ளே வருகிற ஆள் குனிந்துதான் வரவேண்டும். கரிக்காரன் மூட்டையோடு வந்தால் சண்டை. பக்கத்துத் தொழிற்சாலைப் புகைபோக்கி கரியைக் கொட்டினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மிச்சமிருக்கும் வெந்நீரைக்கூட வீணாக்குவதில்லை, அதில் கொட்டகைத் தரையையும் வீட்டு வாசற்படியையும் தேய்த்துக் கழுவுவார்கள். அன்றைக்கு மதியம் புதுச் சமையல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய இறைச்சியும் உருளைக்கிழங்கும்தான். வீடு முழுக்க ஈரத்துணி வாடையும் சோடா வாடையும் அடிக்கும். அந்த வாடை மூக்கில் பட்டால் எழுபது வயதிலும் ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் வருவோம். கீழறை பன்னிரண்டு, பதிமூன்று அடிச் சதுரம் இருந்தால் பெரிது. ஒரு சுவரில் இரும்பு அடுப்பு. அதுதான் சமையலுக்கு, குளிருக்கு, துணி உலர்த்த, தண்ணீர் காய்ச்ச, எல்லாவற்றுக்கும். வாரம் ஒருமுறை அதற்குக் கருப்பு மை பூசிப் பளபளவென்று தேய்த்து வைப்பார்கள். நடுவில் ஒரு மேசை. அதில் சாப்பாடு, இஸ்திரி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், குழந்தையைத் துடைத்துவிடுவது எல்லாம் நடக்கும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வீடுகளில் இன்னொன்றும் நடந்தது. பட்டறைகள் பொத்தான்களையும் சட்டைக் கொக்கிகளையும் மூட்டையாகக் கொடுத்தனுப்பும். அவற்றை அட்டையில் தைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து தைத்தார்கள். கூலி மிகக் குறைவு. பர்மிங்காமின் புகழ்பெற்ற சின்னச் சின்ன உலோகப் பொருட்களுக்குப் பின்னால் இந்த மேசைகளும் இருந்தன.

மேலறை அப்பா அம்மாவுக்கு, கைக்குழந்தைக்கு. உச்சி அறை மற்ற பிள்ளைகளுக்கு. ஒரே கட்டிலில் நாலைந்து பேர், இரண்டு பேர் தலைமாட்டில், மற்றவர்கள் கால்மாட்டில். போர்வை போதாத இரவில் அப்பாவின் கோட்டு போர்வையாகும். பெண்பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் நடுவில் ஒரு துணியைக் கட்டித் தடுப்பார்கள். கட்டிலடியில் இரவுக்கு ஒரு பானை, ஏனென்றால் நடு இரவில் மெழுகுவத்தியோடு இரண்டு மாடி இறங்கிப் பனியில் முற்றத்தைக் கடந்து யார் போவது? சுவரில் மூட்டைப்பூச்சி. அதோடு எத்தனை போராடினாலும் முடியாது. நம் வீட்டில் கொன்றால் அது பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து திரும்பி வரும்.

அந்த மெல்லிய சுவருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவசரம் என்றால் அடுப்புக் குத்தும் இரும்புக் கம்பியால் அடுப்பின் பின்சுவரில் தட்டுவார்கள். முதுகுப்பக்கத்து வீட்டில் கேட்கும். அந்த வீட்டுப் பெண் தெருவழியாகச் சுற்றி, இடுக்கில் நுழைந்து ஓடி வருவாள். பிரசவ வலி என்றாலும் அதுதான் தந்தி, புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்றாலும் அதுதான். பூச்சியும் வந்த சுவர், உதவியும் வந்த சுவர்.

ஒவ்வொரு முற்றத்திலும் அல்லது பக்கத்துத் தெருவில் ஒரு பெண்மணி இருப்பாள். பட்டம் எதுவும் இல்லை. பிள்ளை பிறந்தால் எடுப்பதும் அவள், யாராவது செத்துப்போனால் குளிப்பாட்டிக் கிடத்துவதும் அவள். கீழறையில் சடலத்தை வைத்திருக்கும் நாட்களில் மற்ற குடும்பங்களும் ஜன்னல் திரைகளை இறக்கிவிடும். வீட்டுக்கு வீடு காசு வசூலித்து மலர்வளையம் வாங்குவார்கள். பாட்டி அதே முற்றத்திலோ இரண்டு தெரு தள்ளியோ இருப்பாள். வீட்டில் இடம் போதாத பையன் பாட்டி வீட்டில்தான் தூங்குவான். மகள் கல்யாணமாகிப் போகும்போது, பக்கத்தில் எந்த வீடு காலியாகிறது என்று பார்த்து வாடகை வசூலிக்க வருபவரிடம் அம்மா சொல்லிவைப்பாள். ஆக, குடும்பம் என்பது ஒரு வாசலுக்குள் முடிகிற விஷயமாக இல்லை.

பணவிஷயமும் அம்மா கையில்தான். புருஷனின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு திங்கட்கிழமை காலை அடகுக்கடைக்குப் போகும், சம்பளம் வந்தபின் சனிக்கிழமை திரும்பி வரும். சில வீடுகளில் அவருக்கே தெரியாமல் போய்வரும். வாடகை வசூலிப்பவர் வருகிற நாளில் "அம்மா வீட்டில் இல்லை" என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கியிருப்பார்கள். கடன் தாங்கமுடியாமல் போனால் ராத்திரியோடு ராத்திரியாகத் தள்ளுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள். மூன்று அறைச் சாமான் ஒரு தள்ளுவண்டியில் அடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

யாருடைய நினைவு?

இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்குகிற ஒருவர் சீக்கிரமே ஒரு முரண்பாட்டில் மாட்டிக்கொள்வார். சுகாதார அதிகாரிகளின் அறிக்கைகளைப் படித்தால் நரகம். அங்கே வளர்ந்தவர்கள் சொல்வதைக் கேட்டால், "கதவைப் பூட்டியதே இல்லை, எல்லாரும் ஒன்றாக இருந்தோம்." இதில் எது உண்மை?

இரண்டும் உண்மை, பேசுகிற ஆட்கள் வேறு. இன்றைக்கு நினைவுகளைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1940-களிலும் 50-களிலும் அங்கே குழந்தைகளாக இருந்தவர்கள். அது அந்த வீடுகளின் கடைசிக் காலம். அதற்குள் குடும்பங்கள் சிறுத்திருந்தன, வேலையும் சம்பளமும் முன்னைவிட மேல், 1948-லிருந்து இலவச மருத்துவமும் இருந்தது. 1900-ல் அதே அறையில் ஏழெட்டுப் பிள்ளைகளைப் பெற்று, அதில் இரண்டு மூன்றைப் புதைத்த பெண்ணின் குரல் நமக்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. எழுத அவளுக்கு நேரம் ஏது?

ஒரே நினைவைக்கூட இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை தகரத் தொட்டியில் குளிப்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். தொட்டி முற்றத்துச் சுவரில் ஆணியில் தொங்கும். அதை எடுத்து வந்து அடுப்பு முன்னால் போட்டு, ஒரே தண்ணீரில் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பாட்டுவார்கள். முதுகில் தீயின் சூடு, துடைத்துவிடக் காய்ந்த துண்டு. குழந்தைக்கு அது சொர்க்கம். அம்மாவுக்கு அது குழாயிலிருந்து சுமந்த வாளிகள், காய்ச்சிய கெட்டில்கள், கடைசியில் அழுக்குத் தண்ணீரை மறுபடி வாளியில் மொண்டு மொண்டு முற்றத்துச் சாக்கடையில் கொட்டிய நடை. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி, தங்கள் பிள்ளைகளுக்குக் குழாயைத் திறந்து குளிப்பாட்டும்போதுதான் பலருக்கு அம்மாவின் கை நினைவுக்கு வந்தது.

கதவைப் பூட்டாததை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். திருட உள்ளே ஒன்றும் இல்லை என்று சிலர் பதில் சொல்வதுண்டு. அது காரணத்தின் ஒரு பகுதிதான். தண்ணீர் எடுக்க, துவைக்க, கழிப்பறைக்கு என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை முற்றத்தைக் கடந்தாக வேண்டியிருந்தது. எந்நேரமும் யாராவது அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்வையே பூட்டு. அதே பார்வைதான் உங்கள் வீட்டுச் சண்டையையும், அடகுக்கடைக்குப் போகும் மூட்டையையும், மகளோடு யார் வந்தான் என்பதையும் பார்த்தது. பாதுகாப்பும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வந்தன; ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள யாருக்கும் வசதியில்லை.

இடிப்பு

பெரிய அளவில் இடிக்கும் திட்டங்கள் 1930-ல் வந்த வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு வேகமெடுத்தன. லீட்ஸில் சார்லஸ் ஜென்கின்சன் என்ற பாதிரியார் நகராட்சியின் வீட்டுவசதிப் பொறுப்பில் இருந்து இதை நடத்தினார். அங்கே குவாரி ஹில் என்ற இடத்தில் பழைய வீடுகளை இடித்துவிட்டு 938 குடியிருப்புகள் கொண்ட பிரம்மாண்டமான கட்டடத் தொகுதியை எழுப்பினார்கள்.

பர்மிங்காமில் இரண்டாம் உலகப்போரும் குண்டுவீச்சும் முடிந்தபின், நகரப் பொறியாளர் ஹெர்பர்ட் மன்சோனியின் திட்டப்படி ஐந்து பெரிய பகுதிகளை நகராட்சி மொத்தமாக வாங்கியது. உடனே இடிக்கப் பணமும் ஆளும் இல்லை. அதனால் கூரையை ஒட்டி, ஒழுகலை அடைத்து, இன்னும் சில வருஷம் ஓட்டினார்கள். செருப்புக்கு அடித்தோலும் குதிகாலும் மாற்றித் தைப்பதைச் சொல்லும் வார்த்தையால்தான் அந்த ஒட்டுவேலையைக் குறிப்பிட்டார்கள். ஆக, குடும்பங்கள் பல வருஷங்கள் இடிபடப் போகிற வீட்டில் காத்திருந்தன. பக்கத்து வீடு காலியாகும், ஜன்னலில் பலகை அடிப்பார்கள், அந்தப் பக்கத்துச் சுவரில் தட்டினால் யாரும் வரமாட்டார்கள்.

ஐந்து பகுதிகளில் மூன்றுக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள். சம்மர் லேன், நியூடவுன் ஆனது. பாத் ரோ, லீ பேங்க் ஆனது. கூச் தெருப் பகுதி, ஹைகேட் ஆனது. வீடு மட்டும் போயிருந்தால் தெருவையாவது காட்டலாம். பல இடங்களில் தெருவே இல்லை. சாலைகளின் கோடுகளையே மாற்றிப் போட்டார்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், "நான் பிறந்தது இந்தப் புல்தரைக்கு மேலே எங்கேயோ" என்று சொல்லவேண்டிய நிலை.

ஜனங்கள் நகர விளிம்பிலிருந்த காசில் வேல், செல்ம்ஸ்லி வுட் போன்ற புதுக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். போனதில் அவர்களுக்கு வருத்தம் மட்டும்தான் என்று எழுதினால் அது பொய். குழாயைத் திறந்தால் வெந்நீர். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. பூட்டிக்கொள்ளக் குளியலறைக் கதவு. பல அம்மாக்கள் அழுததே சந்தோஷத்தில்தான். குறை பிறகு மெதுவாகத் தெரிந்தது. வீட்டின் மூன்று அறைகளுக்குப் பதில் நல்ல அறைகள் கிடைத்தன. முற்றத்திலிருந்த பாதிக்குப் பதிலாக எதுவும் கிடைக்கவில்லை. பாட்டி ஒரு குடியிருப்புக்கு, மகள் இன்னொன்றுக்கு. எட்டாவது மாடியில் குழந்தையோடு தனியாக இருக்கும் பெண் எந்தச் சுவரில் தட்டுவாள்? அதிகாரிகளின் கணக்கில் ஒரு குடும்பம் என்றால் ஒரு கதவுக்குள் இருப்பவர்கள். இந்த ஜனங்களின் கணக்கு அது இல்லை. என்னைக் கேட்டால், இடித்ததில் தவறில்லை, ஒரு முற்றத்தை முற்றமாக இடம்மாற்ற முயலாததுதான் தவறு.

புதிதாகக் கட்டியவையும் நிலைக்கவில்லை. குவாரி ஹில் தொகுதியை 40 வருஷத்தில், 1978-ல், இடித்துவிட்டார்கள். காசில் வேலில் எழுந்த 34 அடுக்குமாடிக் கோபுரங்களில் இன்று நிற்பவை இரண்டு.

மிஞ்சியவை

பர்மிங்காமில் இஞ்ச் தெருவும் ஹர்ஸ்ட் தெருவும் சந்திக்கிற மூலையில் 15-ம் எண் முற்றம் இருக்கிறது. 1802-க்கும் 1831-க்கும் இடையில் கட்டியது. 1966-ல் குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவித்துக் கடைசிக் குடும்பத்தையும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் தெருவைப் பார்த்த கீழறைகளில் கடைகள் இருந்தன. கடைகள் தொடர்ந்து நடந்ததால்தான் கட்டடமும் தப்பித்தது. 2004 முதல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அதை அருங்காட்சியகமாக நடத்துகிறது. வழிகாட்டியோடுதான் உள்ளே போகமுடியும். படிகள் அவ்வளவு குறுகல்.

உள்ளே நான்கு வீடுகளை நான்கு காலத்துக்கு அமைத்திருக்கிறார்கள், எல்லாம் உண்மையில் அங்கே இருந்தவர்களை வைத்து. 1840-களில் கடிகார முள் செய்த லெவி என்ற யூதக் குடும்பம். 1870-களில் பொம்மைகளுக்கும் மனிதர்களுக்கும் கண்ணாடிக் கண் செய்த ஓல்ட்ஃபீல்ட் குடும்பம். 1930-களில் பூட்டுத் தொழில் செய்த மிட்செல் குடும்பம். கடைசியாக, கரீபியத் தீவான செயிண்ட் கிட்ஸிலிருந்து வந்து அங்கே தையல்கடை வைத்த ஜார்ஜ் சாண்டர்ஸ். அவருடைய கடை இருந்தபடியே இருக்கிறது, மாதிரிக் காகிதங்களும் துணிகளுமாக. ஆங்கிலேயத் தொழிலாளர்களின் கதை என்று நாம் நினைக்கிற ஒன்றில் வெளியிலிருந்து வந்தவர்கள் முதலிலிருந்தே இருந்திருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு முற்றம் காட்டிவிடுகிறது.

உங்கள் நண்பர்களில் யாருடைய குடும்பமாவது அந்த ஊரிலிருந்து வந்தது என்றால், பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தெருப் பெயருக்குக் கீழே முற்றத்தின் எண்ணும், அதற்குள் வீட்டின் எண்ணும் தனித்தனியாக எழுதியிருக்கும். பலருக்கு அது குழப்பமான எண்ணாகத் தெரியும். அது அவர்களுடைய கொள்ளுப்பாட்டி துணி துவைத்த முற்றத்தின் எண். ஒரு வரியோடு நிறுத்தாமல் அந்த முற்றத்தின் எல்லா வீடுகளையும் படியுங்கள். அடுத்த வீட்டில் அவளுடைய அம்மாவோ தங்கையோ இருந்தாலும் இருப்பார்கள்.

லீட்ஸில் அருங்காட்சியகம் தேவைப்படவில்லை. அங்கே சுமார் 19,500 முதுகொட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஹேர்ஹில்ஸ், பீஸ்டன் போன்ற பகுதிகளில் பாகிஸ்தானிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்கள் அவற்றில் வாழ்கின்றன. குளியலறை உள்ளே வந்துவிட்டது, துணி துவைக்க மெஷின் இருக்கிறது. காயப்போட மட்டும் கொல்லை கிடையாது. அதனால் வெயில் அடிக்கிற நாளில் எதிர்வீட்டுச் சுவர்வரை, தெருவின் குறுக்கே, கொடி கட்டுகிறார்கள். கார் வந்தால் யாராவது ஓடிவந்து ஒரு கம்பால் கொடியைத் தூக்கிப் பிடித்து வழிவிடுகிறார்கள்.